காரணியைக் காட்டாமலே பகு எண் என்று நிறுவ முடியுமா? 147573952589676412927 என்ற எண்ணை முன்வைத்து ஒரு பதில்

நீங்கள் கேட்டிருப்பது முதல் வரியில் ஒரே கேள்வியாகத்தான் தெரிகிறது: 147573952589676412927 என்ற 21 இலக்க எண்ணின் கணிதப் பண்புகள் யாவை, அது பகா எண்ணா? ஆனால் அதைத் தொடர்ந்து நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு செய்திகளில்தான் உங்கள் உண்மையான ஐயம் இருக்கிறது. விரிதாள் மென்பொருளில் இந்த எண்ணை இட்டுப் பார்த்தபோது அது இரட்டை எண் என்று விடை வந்ததாகச் சொல்கிறீர்கள். இந்த எண் பகு எண் என்பது 1876இல் நிறுவப்பட்டது, ஆனால் அதன் காரணிகள் 1903இல்தான் வெளிவந்தன என்று படித்ததாகவும், காரணி ஒன்றைக்கூடக் காட்டாமல் ஓர் எண் வகுபடும் என்று யாரால் சொல்ல முடியும் என்றும் கேட்கிறீர்கள். பல ஆண்டுகளாக எண் கோட்பாடு கற்பித்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த இரண்டாவது ஐயம் நல்ல மாணவர்கள் எல்லோருக்கும் வருவது. வராமல் போனால்தான் கவலைப்பட வேண்டும். எனவே எண்ணின் எளிய பண்புகளை விரைவாகச் சொல்லிவிட்டு, அந்த ஐயத்துக்கே அதிக இடம் தருகிறேன்.

விரிதாள் விவகாரத்தை முதலில் முடித்துவிடலாம். விரிதாள்கள் எண்களை முழுமையாகச் சேமிப்பதில்லை; முன்னணி இலக்கங்களில் சுமார் 15 முதல் 17 வரை மட்டுமே நம்பத்தக்கவை. உள்ளே 53 இரும இலக்கங்களுக்கு மட்டுமே இடம் உண்டு. உங்கள் எண்ணுக்கு 67 இரும இலக்கங்கள் தேவை. எனவே மென்பொருளைப் பொறுத்து, கடைசி இலக்கங்கள் சுழியங்களாக மாற்றப்பட்டிருக்கும், அல்லது எண் தனக்கு அடுத்த எண்ணாகிய 147573952589676412928க்கு முழுமைப்படுத்தப்பட்டிருக்கும். இரண்டுமே இரட்டை எண்கள். மென்பொருள் தவறாகக் கணக்கிடவில்லை, வேறோர் எண்ணைப் பற்றிச் சரியாகப் பதில் சொல்லியிருக்கிறது. இத்தகைய எண்களுக்கு எல்லையற்ற நீளமுள்ள முழு எண்களைக் கையாளும் மொழியோ மென்பொருளோ வேண்டும். பைத்தான் போன்ற நிரல்மொழிகளில் அது இயல்பாகவே உண்டு.

அந்த அடுத்த எண் தற்செயலானதல்ல. 147573952589676412928 என்பது 2ஐ 67 முறை தன்னோடு பெருக்கக் கிடைப்பது, அதாவது 2⁶⁷. ஆகவே உங்கள் எண் 2⁶⁷ − 1. இந்த ஒரு செய்திதான் எல்லாவற்றுக்கும் திறவுகோல். கீழே வருவன அனைத்தும் ஏறத்தாழ இதிலிருந்தே பிறக்கின்றன. இரும முறையில் எழுதினால் 67 ஒன்றுகள் வரிசையாக நிற்கும், ஒரு சுழியம்கூட இராது. 2இன் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்து வரும் இத்தகைய எண்களை மெர்சென் எண்கள் என்பார்கள். அடுக்கு பகு எண்ணாக இருந்தால் மெர்சென் எண்ணும் கட்டாயம் பகு எண்ணாகும் (2⁶ − 1 ஆகிய 63, 2² − 1 ஆலும் 2³ − 1 ஆலும் வகுபடுவதைப் பாருங்கள்). அடுக்கு பகா எண்ணாக இருந்தால் மட்டுமே மெர்சென் எண் பகா எண்ணாக வாய்ப்பு உண்டு, உறுதி கிடையாது. 11 பகா எண், ஆனால் 2¹¹ − 1 ஆகிய 2047, 23 × 89 ஆகப் பிரிகிறது. 67 பகா எண். ஆகவே அடுக்கை மட்டும் பார்த்து நம்மால் ஒன்றும் முடிவு செய்ய இயலாது.

கையால் பார்க்கக்கூடிய மற்றவற்றை வேகமாகக் கடந்துவிடுகிறேன். இலக்கங்களின் கூட்டுத்தொகை 109. எனவே 9ஆல் வகுக்க மீதி 1, 3ஆல் வகுபடாது. 7ஆல் வகுக்க மீதி 1, 11ஆல் வகுக்க மீதி 6. 8ஆல் வகுக்க மீதி 7 என்பது இவற்றுள் சற்றுச் சுவையானது: 8ஆல் வகுக்க 7 மீதி தரும் எந்த எண்ணையும் மூன்று வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியாது. எல்லா முழு எண்களையும் நான்கு வர்க்கங்களின் கூட்டலாக எழுதலாம் என்று லாக்ராஞ்ச் 1770இல் நிறுவினார். நம் எண்ணுக்கு அந்த நான்கும் உண்மையிலேயே தேவை, மூன்றைக் கொண்டு சமாளிக்க வழியில்லை.

இனி முதன்மையான கேள்விக்கு வருகிறேன். ஓர் எண் பகு எண் என்று தெரிவதும் அதன் காரணிகள் தெரிவதும் ஒன்றே என்று நாம் எண்ணிப் பழகியதற்குக் காரணம், பள்ளியில் நாம் பார்க்கும் எண்கள் எல்லாம் சிறியவை; அங்கே காரணியைக் கண்டுபிடிப்பதுதான் மிக எளிய வழி. உண்மையில் இவை வெவ்வேறு வகை அறிவு. ஓர் அரங்கில் 367 பேர் கூடியிருந்தால் அவர்களில் இருவராவது ஒரே தேதியில் பிறந்தவர்கள் என்று ஒருவரையும் விசாரிக்காமல் சொல்லிவிடலாம், ஏனெனில் ஓர் ஆண்டில் 366 தேதிகளுக்கு மேல் இல்லை. ஆனால் அந்த இருவர் யார் என்று கேட்டால் விடை இல்லை. பகு எண் சோதனைகளும் இந்த வகையைச் சேர்ந்தவையே. பகா எண்களுக்கு மட்டும் கட்டாயமான ஒரு பண்பை எடுத்துக்கொள்கிறோம். நம் எண்ணிடம் அது இல்லை என்று கணக்கிட்டுக் காட்டுகிறோம். எனவே அது பகா எண் அல்ல. காரணியைப் பற்றிய பேச்சே இதில் எழுவதில்லை.

இதற்கு மிகப் பழைய கருவி ஃபெர்மாவின் தேற்றம். ஒரு பகா எண்ணை எடுத்துக்கொண்டு, அதனால் வகுபடாத ஏதேனும் ஓர் எண்ணை அடியாக வைத்து, அந்தப் பகா எண்ணில் ஒன்று குறைந்ததை அடுக்காக்கினால், விடையை அந்தப் பகா எண்ணால் வகுக்க மீதி எப்போதும் 1. சிறிய எண்ணில் பார்க்கலாம். 91 பகா எண்ணா? அப்படியானால் 2⁹⁰ஐ 91ஆல் வகுக்க மீதி 1 வர வேண்டும். கணக்கிட்டால் 64 வருகிறது. ஆகவே 91 பகா எண் அல்ல. 7, 13 என்ற காரணிகளை நாம் எங்கும் தொடவில்லை என்பதைக் கவனியுங்கள். இத்தனை பெரிய அடுக்கை எப்படிக் கணக்கிடுவது என்று தயங்க வேண்டாம். ஒவ்வொரு படியிலும் வர்க்கப்படுத்தி, உடனே வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொண்டால், எண்கள் ஒருபோதும் கைமீறி வளர்வதில்லை.

இதையே நம் எண்ணுக்கும் 2ஐ அடியாக வைத்துச் செய்து பார்த்தால் என்னவாகும்? இங்கேதான் இந்த எண் தன் குறும்பைக் காட்டுகிறது. 2⁶⁷ஐ 2⁶⁷ − 1ஆல் வகுக்க மீதி 1 என்பது கண்ணுக்கே தெரிவது. நம் எண்ணில் ஒன்று குறைத்தால் 2⁶⁷ − 2. அது 67ஆல் வகுபடும், ஏனெனில் 67 பகா எண் என்பதால் ஃபெர்மாவின் தேற்றமே அதைச் சொல்கிறது. ஆக, அடுக்கு 67இன் மடங்கு. மீதி 1இன் ஏதோ ஓர் அடுக்கு, அதாவது 1. பகா எண் அல்லாத இந்த எண் பகா எண்ணுக்குரிய சோதனையில் தேறிவிடுகிறது! இதைவிடக் கடுமையான மில்லர்–ராபின் சோதனையிலும் 2ஐ அடியாக வைத்தால் இது தேறிவிடும். அங்கே பார்க்க வேண்டிய அடுக்கு 2⁶⁶ − 1, அதுவும் 67இன் மடங்குதான். எண் கோட்பாட்டில் இத்தகையவற்றைப் போலிப் பகா எண்கள் என்று அழைப்பதுண்டு. இதிலிருந்து நான் மாணவர்களுக்குச் சொல்வது ஒன்றே: சோதனையில் தோற்ற எண் பகு எண் என்பது உறுதி, தேறிய எண் பகா எண் என்பது உறுதியல்ல.

எத்தனை அடிகள் இப்படி ஏமாற்றும் என்பதையும் துல்லியமாகச் சொல்லலாம், ஆனால் அதற்குக் காரணிகள் தெரிந்திருக்க வேண்டும். இன்று தெரியும் என்பதால் சொல்கிறேன்: நம் எண் 193707721 × 761838257287. இவ்விரண்டிலிருந்தும் ஒவ்வொன்றைக் கழித்து, வரும் எண்களின் மீப்பெரு பொதுக் காரணியைக் கண்டால் 1206. ஏமாற்றும் அடிகளின் எண்ணிக்கை 1206இன் வர்க்கம், அதாவது 14,54,436. பெரிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால் அடியாக எடுக்கத்தக்க எண்கள் ஏறத்தாழ 14.76 லட்சம் கோடி கோடி என்பதால், குருட்டாம்போக்கில் ஓர் அடியை எடுத்தால் ஏமாறும் வாய்ப்பு சுமார் நூறு லட்சம் கோடியில் ஒன்று. அத்தனை அரிதான அந்தக் கூட்டத்தில் 2, 4, 8, 16 என்று நம் கைக்கு முதலில் வரும் எண்கள் எல்லாம் இடம் பிடித்திருக்கின்றன என்பதுதான் வேடிக்கை.

1876இல் எதுவார் லூக்கா என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் கையாண்டது ஃபெர்மாவின் சோதனை அல்ல, மெர்சென் எண்களுக்கென்றே பொருந்தும் வேறொன்று. இன்று பாடங்களில் காணப்படும் வடிவம் அமெரிக்கரான டெரிக் ஹென்றி லேமர் 1930இல் செப்பனிட்டது. லூக்கா எழுதியதும் இதுவும் வரிக்கு வரி ஒன்றல்ல. இன்றைய வடிவத்தைச் சொல்கிறேன். 4இல் தொடங்குங்கள். வர்க்கப்படுத்தி 2ஐக் கழியுங்கள். சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதையே திரும்பச் செய்யுங்கள். அடுக்கைவிட இரண்டு குறைவான தடவைகள் செய்து முடித்ததும் மீதி 0 என்றால் எண் பகா எண், 0 அல்லாத எது வந்தாலும் பகு எண். ஃபெர்மாவின் சோதனையைப் போல இது ஒருவழிப் பாதை அல்ல, இரு பக்கமும் உறுதியானது. 31ஐச் சோதிப்போம், அது 2⁵ − 1, ஆகவே மூன்று தடவைகள்: 4இலிருந்து 14, 14இலிருந்து 194, அதன் மீதி 8, 8இலிருந்து 62, அதன் மீதி 0. எனவே 31 பகா எண். 2047க்கு ஒன்பது தடவைகள் செய்தால் 4, 14, 194, 788, 701, 119, 1877, 240, 282, 1736 என்று வரிசை ஓடுகிறது. இறுதியில் 0 வரவில்லை. 23, 89 என்ற காரணிகள் இந்த வரிசையில் எங்கும் தலைகாட்டவில்லை. ஆனாலும் 2047 பகு எண் என்பது ஐயமற நிறுவப்பட்டுவிட்டது.

நம் எண்ணுக்கு 65 தடவைகள் செய்ய வேண்டும். ஒவ்வொரு தடவையும் 21 இலக்க எண்ணை வர்க்கப்படுத்தி, வரும் 41 இலக்கங்கள் வரையிலான எண்ணை மீண்டும் 21 இலக்க எண்ணால் வகுக்க வேண்டும் என்று நினைத்தால் மலைப்பாக இருக்கும். ஆனால் இரும முறையில் வகுத்தலே தேவையில்லை. பதின்ம முறையில் ஓர் எண்ணை 9ஆல் வகுத்த மீதியை, இலக்கங்களைக் கூட்டியே பெறுகிறோம் அல்லவா? அதே காரணத்தால், 2⁶⁷ − 1ஆல் வகுத்த மீதியைப் பெற, இரும வடிவத்தை 67 இலக்கத் துண்டுகளாக வெட்டித் துண்டுகளைக் கூட்டினால் போதும். மெர்சென் எண்களின் தனிச் சலுகை இது. இன்றும் உலகில் அறியப்பட்ட மிகப் பெரிய பகா எண்கள் மெர்சென் எண்களாகவே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்: அந்த வடிவத்தில்தான் நிறுவுவது இவ்வளவு மலிவு.

இந்தச் சோதனை ஏன் சரி என்பதற்கான முழு நிறுவலை ஒரு பதிலுக்குள் அடக்க இயலாது; அதன் கருவை மட்டும் சொல்கிறேன். வரிசையின் ஒவ்வோர் உறுப்பும் 2 + √3, 2 − √3 என்ற இரண்டு எண்களை 1, 2, 4, 8 என்று இரட்டித்துச் செல்லும் அடுக்குகளுக்கு உயர்த்திக் கூட்டியது. நம் எண்ணை 12ஆல் வகுக்க மீதி 7. அது பகா எண்ணாக இருந்திருந்தால், அதனால் வகுத்த மீதிகளுக்கிடையே 3க்கு வர்க்கமூலம் இருக்க இயலாது என்பது அறிந்த முடிவு. அந்த நிலையில் √3ஐயும் சேர்த்து விரிவாக்கிய எண்ணமைப்பில் ஃபெர்மாவின் தேற்றத்துக்கு இணையான ஒன்று வேலை செய்து, 65 தடவைகளுக்குப் பின் வரும் உறுப்பைச் சுழியமாக்கியே தீரும். சுழியம் வரவில்லை என்றால் தொடக்க அனுமானம் தவறு. எல்லையற்ற நீளமுள்ள எண்களைக் கையாளும் எந்த நிரல்மொழியிலும் நான்கைந்து வரிகளில் இந்தக் கணக்கை நீங்களே ஓட்டிப் பார்க்கலாம். என் சொல்லை நம்ப வேண்டியதில்லை.

லூக்காவின் முடிவு அத்துடன் நின்றது. 0 அல்லாத அந்தக் கடைசி மீதியிலிருந்து காரணிகளைப் பிரித்தெடுக்க வழி எதுவும் இல்லை. ஆகவே 27 ஆண்டுகள், இந்த எண் வகுபடும் என்பது தெரிந்திருந்தும் எதனால் வகுபடும் என்பது தெரியாத நிலை நீடித்தது. வெறுமனே பகா எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்ப்பதானால், நம் எண்ணின் வர்க்கமூலமான சுமார் 1,214 கோடி வரை போக வேண்டும். அதற்குள் ஐம்பது கோடிக்கும் மேற்பட்ட பகா எண்கள் உள்ளன. ஆனால் இங்கும் மெர்சென் வடிவம் உதவுகிறது. ஏதோ ஒரு பகா எண் நம் எண்ணை வகுக்கிறது என்று கொள்வோம். அதனால் 2⁶⁷ஐ வகுக்க மீதி 1. மீதி 1 வருவதற்குரிய மிகச் சிறிய அடுக்கு 67ஐ வகுக்க வேண்டும். 67 பகா எண் என்பதால் அந்த அடுக்கு 67தான். மறுபுறம், அந்தப் பகா எண்ணில் ஒன்று குறைந்ததை அடுக்காக்கினாலும் மீதி 1 என்று ஃபெர்மா சொல்கிறார். ஆகவே அது 67இன் மடங்காகவும், இரட்டை எண்ணாகவும், எனவே 134இன் மடங்காகவும் இருந்தாக வேண்டும். நம் எண்ணின் பகாக் காரணி எதுவானாலும் அது 134இன் மடங்கைவிட ஒன்று கூடுதலானது. இன்னொரு வடிகட்டியும் உண்டு: 2³⁴ஐ வர்க்கப்படுத்தினால் 2⁶⁸, அதன் மீதி 2, ஆகவே அந்தப் பகா எண்ணைப் பொறுத்து 2 ஒரு வர்க்கம், ஆகவே அதை 8ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 மட்டுமே வரும்.

இந்த இரு நிபந்தனைகளையும் சேர்த்தால் பெரும்பான்மை எண்கள் உதிர்ந்துவிடுகின்றன. 135, 537, 671, 1073, 1207 ஆகியவை வரிசையில் முதலில் வந்தாலும் பகா எண்கள் அல்ல. உண்மையாகச் சோதிக்கத்தக்க முதல் எண் 1609. இப்படி ஒவ்வொன்றாக முன்னேறினால், உண்மையான காரணி 7,22,790ஆவது இடத்தில் நிற்கிறது. 193707721 என்பது 134 × 1445580 + 1. மற்றக் காரணி 134 × 5685360129 + 1. முன்னதை 8ஆல் வகுக்க மீதி 1, பின்னதை வகுக்க மீதி 7. கோட்பாடு சொன்னபடியே இரண்டும் அமைந்திருப்பதைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் ஒரு மகிழ்ச்சி வருவதுண்டு. இவ்விரண்டும் உண்மையிலேயே பகா எண்களா என்று நீங்கள் கேட்கக்கூடும். 193707721க்குப் பகாக் காரணி இருந்தால் அது நம் எண்ணுக்கும் காரணி. எனவே அதே இரு நிபந்தனைகளுக்கும் கட்டுப்பட்டது, 13917ஐ மிஞ்சாதது. அத்தகைய எண்கள் 51 மட்டுமே, அவற்றிலும் பல 3ஆலோ 5ஆலோ வகுபடுபவை. தாளும் பேனாவும் இருந்தால் ஒரே அமர்வில் முடிக்கக்கூடிய வேலை.

இந்தக் காரணிகளை வெளியிட்டவர் ஃபிராங்க் நெல்சன் கோல் என்ற அமெரிக்கக் கணிதப் பேராசிரியர். 1903 அக்டோபரில் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் கூட்டத்தில். இவ்வளவும் உறுதியானது. அவர் மேடையேறி ஒரு சொல்லும் பேசாமல் கரும்பலகையின் ஒரு பக்கம் 2⁶⁷ − 1ஐ விரித்து எழுதி, மறுபக்கம் இரு காரணிகளையும் பெருக்கிக் காட்டி, இரண்டும் ஒன்றாக வந்ததும் அமர்ந்துவிட்டார் என்பதும், இதற்கு எவ்வளவு காலம் ஆயிற்று என்று கேட்டதற்கு மூன்று ஆண்டுகளின் ஞாயிற்றுக்கிழமைகள் என்றார் என்பதும் பின்னாளில் பரவிய கதைகள். நடந்திருக்கலாம். ஆனால் நான் வகுப்பில் சொல்லும்போது கதை என்றே சொல்லிச் சொல்வேன். அதேபோல், மரேன் மெர்சென் 1644இல் வெளியிட்ட பட்டியலில், 2இன் எந்த அடுக்குகள் 257 வரை பகா எண்களைத் தரும் என்ற வரிசையில் 67ஐயும் சேர்த்திருந்தார் என்பது உறுதி. அது தவறு என்பதும் உறுதி. அதே பட்டியலில் 257ஐச் சேர்த்ததும், 61, 89, 107 ஆகியவற்றை விட்டதும் மற்றப் பிழைகள். 61 என்று எழுத நினைத்தது 67 என்று அச்சாகிவிட்டது என்று சிலர் சொல்வது இனிமையான ஊகம். அதற்கு மேல் மதிப்பளிக்க எனக்கு ஆதாரம் எதுவும் தென்படவில்லை. அவர் சொன்னது சரியாக இருந்திருந்தால் 2⁶⁶ஐயும் நம் எண்ணையும் பெருக்கி வருவது ஒரு செவ்விய எண்ணாக, தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூட்டுத்தொகைக்குத் தானே சமமான எண்ணாக, இருந்திருக்கும். அந்தப் பேறு இதற்கு வாய்க்கவில்லை. நம் எண்ணுக்கு வகுத்திகள் நான்கே; தன்னைத் தவிர்த்த மூன்றின் கூட்டுத்தொகை 762031965009 மட்டுமே, எண்ணோடு ஒப்பிட அது ஒன்றுமேயில்லை.

எந்தக் காரணிப்படுத்தும் முறை இந்த எண்ணிடம் எடுபடும் என்பதும் அதன் பண்புகளில் ஒன்றாகவே எனக்குப் படுகிறது. ஃபெர்மாவின் வர்க்க வேறுபாட்டு முறை, இரண்டு காரணிகளும் ஒன்றுக்கொன்று அருகில் இருந்தால் நொடியில் பிடித்துவிடும். இங்கே ஒன்று மற்றதைப்போல் ஏறத்தாழ 4,000 மடங்கு என்பதால், 36,886 கோடிக்கும் மேற்பட்ட படிகள் தேவைப்படும். மாறாக, ஜான் பொலார்டு 1974இல் வெளியிட்ட முறை, ஒரு காரணியிலிருந்து ஒன்றைக் கழித்து வருவது சிறிய பகா எண்களாகவே சிதறினால் அந்தக் காரணியைப் பிடித்துவிடும். 193707720ஐப் பிரித்தால் 2³ × 3³ × 5 × 67 × 2677. இதில் மிகப் பெரியது 2677தான். எனவே இந்த முறைக்கு நம் எண் ஓர் எளிய இரை. ஒரே நிபந்தனை, 2ஐ அடியாக எடுக்கக் கூடாது; 2⁶⁷இன் மீதி இரண்டு காரணிகளைப் பொறுத்தும் ஒரே சமயத்தில் 1 ஆகிவிடுவதால் காரணிகள் பிரியாமல் ஒட்டிக்கொண்டே வரும். மேலே சொன்ன அதே குறும்புதான். இன்று எந்த முறையில் செய்தாலும் சாதாரணக் கணினிக்கு இது ஒரு நொடிக்கும் குறைவான வேலை.

உறுதியற்ற பகுதிக்கும் வருவோம், ஏனெனில் அது இந்த ஓர் எண்ணோடு முடிவதில்லை. அடுக்கு பகா எண்ணாக இருக்கும் மெர்சென் எண்களில் பகா எண்கள் முடிவின்றி உள்ளனவா என்பது இன்னும் நிறுவப்படவில்லை. நம் எண்ணைப் போன்ற பகு எண்கள் முடிவின்றி உள்ளனவா என்பதும் நிறுவப்படவில்லை என்றால் வியப்பாக இருக்கும், ஆனால் உண்மை. இவற்றுள் ஏதேனும் ஒன்று ஒரு பகா எண்ணின் வர்க்கத்தால் வகுபடுமா என்பதும் திறந்த வினாவே. நம் எண் அப்படி வகுபடாது என்பது காரணிகளைப் பார்த்தாலே விளங்கும். பொதுவாக, ஓர் எண் பகா எண்ணா என்று தீர்மானிப்பது எளிது என்பதற்கு 2002இல் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகியோர் உறுதியான நிறுவல் தந்தார்கள். இலக்கங்களின் எண்ணிக்கை கூடும்போது அந்த வேலை கட்டுக்குள்ளேயே வளர்கிறது. காரணிகளைக் காண்பது கடினம் என்பதற்கு அத்தகைய நிறுவல் எதுவும் இல்லை. நமக்கு வேகமான முறை தெரியவில்லை என்பது மட்டுமே இப்போதைய நிலை; இணையத்தில் பயன்படும் ஆர்.எஸ்.ஏ. மறைக்குறியீடு அந்த நிலையின் மேல்தான் நிற்கிறது.

1876க்கும் 1903க்கும் இடைப்பட்ட அந்த நிலை முடிந்துபோன வரலாறு என்று நினைத்துவிட வேண்டாம். 2¹²⁷⁷ − 1 என்ற 385 இலக்க எண் பகு எண் என்பது லூக்கா–லேமர் சோதனையால் பல பத்தாண்டுகளுக்கு முன்பே நிறுவப்பட்டுவிட்டது; நான் அறிந்தவரை அதன் ஒரு காரணிகூட இன்னும் கிடைக்கவில்லை, காரணி எதுவும் தெரியாத மெர்சென் எண்களில் அதுவே மிகச் சிறியது. அதன் பகாக் காரணி எதுவானாலும் 2554இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகவும், 8ஆல் வகுக்க 1 அல்லது 7 மீதி தருவதாகவும் இருக்கும் என்பது மேலே 67க்குச் சொன்ன அதே வாதத்தால் உறுதி. பொலார்டின் முறையாலும் அதற்குப் பின் வந்த நீள்வட்ட வளைகோட்டு முறையாலும் பலர் அதைத் தேடிப் பார்த்திருக்கிறார்கள். சிறிய காரணி ஏதேனும் இருந்திருந்தால் இதற்குள் சிக்கியிருக்கும் என்பதால், இருப்பவை பெரியவை என்று நம்பவே இடம் இருக்கிறது. ஆனால் அது நம்பிக்கைதான், நிறுவல் அல்ல.